கண்ணாடிக்கு மேல் ஒரு கண்ணாடி

செல்போன் கடைக்காரர் உடைந்த டெம்பர் கிளாஸை உரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். மேல் கண்ணாடி முழுக்க விரிசல் ஓடியிருக்கும். ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்து மெல்லத் தூக்குவார். அத்தனை துண்டுகளும் ஒன்றையொன்று விடாமல் ஒரே தாளாக எழுந்து வரும். அடியில் போனின் சொந்தத் திரை ஒரு கீறல்கூட இல்லாமல் பளிச்சென்று இருக்கும். “நல்லவேளை, டெம்பர் வாங்கிக்கிச்சு” என்பார். நூறு ரூபாயோடு போயிற்று என்று நாமும் நிம்மதியாகத் திரும்புவோம்.

அந்த நிம்மதியில் பாதிதான் நியாயம். மறுபாதியை இயற்பியல் ஒப்புக்கொள்ளாது. இந்த மெல்லிய கண்ணாடி நமக்குச் செய்யும் பெரிய உபகாரம் போன் விழுந்த நாளில் நடப்பதைவிட, விழாத நாட்களில்தான் அதிகம் நடக்கிறது. சட்டைப் பையிலும் கைப்பையிலும் போன் சும்மா கிடக்கும் அந்த நாட்களில்.

இது ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு பின்னால் போகவேண்டும். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் அரசு விமான ஆய்வு நிலையத்தில் ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் என்ற பொறியாளர் இருந்தார். கண்ணாடியின் அணுக்களைப் பிணைத்திருக்கும் விசையைக் கணக்குப் போட்டால் கண்ணாடி எஃகையே மிஞ்ச வேண்டும். நடைமுறையிலோ அந்தக் கணக்கில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு இழுவைக்கே முறிந்துவிடுகிறது. மீதி வலிமை எங்கே போயிற்று? கிரிஃபித் கண்ணாடியை உருக்கி இழைகளாக இழுத்துச் சோதித்தார். இழை மெலிய மெலிய, அதன் பருமனுக்கேற்பத் தாங்கும் திறன் கூடிக்கொண்டே போனது. 1920-இல் வெளியான கட்டுரையில் விடை சொன்னார்: சாதாரணக் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் இருக்கின்றன. இழுக்கும்போதோ வளைக்கும்போதோ விசை முழுவதும் அந்த விரிசலின் கூர்நுனியில் போய்க் குவிகிறது. நுனியில் ஒரு பிணைப்பு அறுந்தால் அடுத்ததும் அறுகிறது, விரிசல் ஓடிவிடுகிறது.

ஆக, ஒரு கண்ணாடி எவ்வளவு தாங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் மேல்பரப்பு இதுவரை எதெதன் மேல் உரசியது என்ற வரலாறுதான். ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு போன்கள் ஒரே உயரத்திலிருந்து விழுந்து, ஒன்று பிழைத்து மற்றது நொறுங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நுண்விரிசலே இல்லாத கண்ணாடியைப் புழங்கும் பொருளில் வைத்திருக்க முடியாது. எனவே விரிசல் இருந்தாலும் வாய் திறக்காதபடி செய்யப் பார்த்தார்கள். கார் ஜன்னல் கண்ணாடிக்கு வழி எளிது: நன்றாகச் சூடாக்கி, இருபுறமும் குளிர்காற்றைப் பாய்ச்சினால் மேல்பரப்பு முதலில் இறுகும், உள்பகுதி பிறகு சுருங்கும்போது மேல்பரப்பை நெருக்கிப் பிடிக்கும். டெம்பர் கிளாஸின் வழக்கமான தடிமனோ 0.33 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய தகட்டில் உள்ளும் புறமும் ஒன்றாகவே ஆறிவிடும். அந்த வித்தை பலிக்காது.

அதற்கு வேதியியல் கைகொடுத்தது. வெட்டி விளிம்பு தேய்த்த கண்ணாடித் தகட்டை, ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டில் சில மணி நேரம் முக்கி வைக்கிறார்கள். பட்டாசு மருந்தில் சேரும் அதே வெடியுப்புதான் இது. அந்தச் சூட்டில் கண்ணாடி இளகாது. ஆனால் அதன் மேல்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் உப்புக் குழம்புக்குள் வெளியேற, அவை விட்டுப்போன இடங்களில் பொட்டாசியம் அயனிகள் வந்து அமர்கின்றன. பொட்டாசியம் அயனி சோடியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு பெரியது. ஒல்லியான ஆள் எழுந்துபோன பேருந்து இருக்கையில் பருத்த ஆள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் நெருக்கப்படுவது போல, மேல்பரப்பு முழுக்க ஓர் இறுக்கம் பிறக்கிறது. நுண்விரிசலின் இரு ஓரங்களையும் அந்த இறுக்கம் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கண்ணாடி முறிய வேண்டுமானால் வளைக்கும் விசை முதலில் இதை வென்றாக வேண்டும்.

அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1960-களின் தொடக்கத்திலேயே இப்படியொரு கண்ணாடியைச் செய்து, கெம்கார் என்று பெயரிட்டது. போதிய சந்தை கிடைக்காமல் அது கிடப்பில் போனது. 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய முதல் ஐபோனில் இருந்தது பிளாஸ்டிக் திரை. ஜூன் கடைசியில் விற்பனைக்கு வந்தபோது அது கண்ணாடியாக மாறியிருந்தது. கென்டக்கி மாநிலத்து ஹாரட்ஸ்பர்க் ஆலையில் கார்னிங் அவசர அவசரமாக உற்பத்தி செய்து கொடுத்த அந்தக் கண்ணாடிதான் கொரில்லா கிளாஸ்.

இந்தக் காப்பு இறுக்கம் மேல்தோலில் மட்டுமே இருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். நல்ல போன் திரையில் அதன் ஆழம் 40 மைக்ரான் அளவு. தலைமுடியின் தடிமனில் பாதி. மேலே நெருக்கம் இருப்பதால், அதை ஈடுகட்ட உள்ளே இழுவிசை இருக்கிறது. மேல்தோலைத் துளைத்து உள்ளே இறங்கும் ஒரு கீறல் அந்த இழுவிசையைத் தொட்டுவிட்டால் காப்பு போயிற்று. அப்படித் துளைப்பது எது? சாவியும் நாணயமும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையான எதிரி மணல்.

இங்கே டெம்பர் கிளாஸ் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘9H’ பற்றிச் சொல்லியாக வேண்டும். வைரத்துக்கு 10, இதற்கு 9 என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். வைரத்துக்கு 10 தருவது, 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த கனிமக் கடினத்தன்மை வரிசை. அதில் 9-ஆம் இடம் மாணிக்கமும் நீலமும் சேர்ந்த குருந்தக்கல்லுக்கு. பெட்டியில் இருக்கும் 9H பென்சிலுடையது. படம் வரையும் பென்சில்களில் மிகக் கடினமானவற்றுள் ஒன்றான 9H-ஐச் சாய்த்து, எடை வைத்து இழுத்தால் கீறல் விழவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. பென்சில் முனை காரீயகமும் களிமண்ணும். எந்த ஜன்னல் கண்ணாடியும் அந்தத் தேர்வில் தேறிவிடும். மோஸ் வரிசையில் கண்ணாடி 5.5-க்கும் 6-க்கும் இடையில் நிற்கிறது. செம்பு, பித்தளையெல்லாம் அதற்குக் கீழே. மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் 7-இல் இருக்கிறது. அதனால்தான் சாவிக்கொத்தோடு மாதக்கணக்கில் கிடந்து பிழைத்த திரை, கடற்கரைக்குப் போய்வந்த கால்சட்டைப் பையில் ஒரே மாலையில் கீறல் வாங்குகிறது. ‘11D’, ‘21D’ என்ற எழுத்துகளுக்கோ எந்த அளவுகோலும் கிடையாது. விளிம்பை வளைத்துத் தேய்த்திருப்பதைச் சொல்ல வந்த ‘2.5D’ விற்பனைப் போட்டியில் ஊதிப் பெருத்தது அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கடைக்காரரின் சொல்லுக்கு வரலாம். மலிவான டெம்பர் கிளாஸ்களில் பலவும் சாதாரண ஜன்னல் கண்ணாடி வகை. அவற்றின் காப்பு இறுக்கம் பத்துப் பதினைந்து மைக்ரான் ஆழத்துக்கு மேல் போவதில்லை. தகடும் மெல்லியது, விளிம்பு திறந்து கிடப்பது, வெட்டிய இடமாதலால் நுண்விரிசல்கள் அங்கேதான் அதிகம். ஆகவே போன் திரை தானாகவே தாங்கியிருக்கக்கூடிய எத்தனையோ அடிகளுக்கு டெம்பர் கிளாஸ் உடைகிறது. அது உடைந்தது என்பதே திரை தப்பியது அதனால்தான் என்பதற்குச் சாட்சி ஆகாது. சமதரையில் தட்டையாக விழுந்து போன் மொத்தமும் வளையும்போது, மேலே ஒட்டிய 0.33 மில்லிமீட்டர் தகடு பெரிதாக எதையும் தடுத்துவிடாது. கல்லின் கூர்முனையிலோ மணல் பருக்கையிலோ விழும்போது கதை வேறு. அந்தக் கூர் முதலில் டெம்பர் கிளாஸைத்தான் துளைக்கிறது. அதில் கிளம்பும் விரிசல் அடியிலுள்ள மெத்தென்ற பசை அடுக்கை எட்டியதும் அங்கேயே நின்றுவிடுகிறது. பசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் திரைக்குள் தாவுவதில்லை. துண்டுகள் சிதறாமல் ஒரே தாளாக உரிந்து வருவதும் அந்தப் பசையால்தான்.

ராத்திரி மூலையில் சின்னதாக இருந்த விரிசல், யாரும் தொடாமலே காலையில் குறுக்கே நீண்டிருப்பதைப் பார்த்து வியந்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரத்தின் வேலை அது. இழுவிசையில் விறைத்து நிற்கும் விரிசல் நுனிக்குள் நீர் மூலக்கூறு நுழைந்து, சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை ஒவ்வொன்றாக அறுத்துக் கொடுக்கிறது. ஈரம் கூடக்கூட வேகம் கூடும்.

துண்டுகளைச் சிதறாமல் பிடித்த அந்தப் பசையைத் தனியாகப் பாராட்டவேண்டும். பெரும்பாலும் அது சிலிகோன். டெம்பர் கிளாஸைத் திரைமேல் நேராகப் பிடித்து விட்டுவிட்டு, நடுவில் ஒரு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். தொட்ட இடத்தில் நிறம் ஒரு சாயல் அடர்ந்து, அந்த அடர்த்தியின் ஓரம் தானாகவே நாலாபக்கமும் நகர்ந்துகொண்டு போகும். யாரும் தள்ளவில்லை. கண்ணாடியின் மூலக்கூறுகளும் பசையின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்க்கும் மெல்லிய விசையே காற்றை வெளியே தள்ளிக்கொண்டு முன்னேறுகிறது. நிறம் மாறுவதற்கும் காரணம் உண்டு. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு ஒளி மாறும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீதம் திரும்பிவிடுகிறது. இடையில் காற்று இருந்தால் அப்படி இரண்டு பரப்புகள் கூடுதல். திரை வெளிறித் தெரியும். பசை ஒளியை வளைக்கும் அளவு கண்ணாடிக்கு நெருக்கமானது என்பதால், அது படிந்த இடத்தில் அந்தப் பரப்புகள் மறைந்துபோகின்றன. ஓரத்தில் மட்டும் பசை தடவிய மலிவுக் கண்ணாடிகள் மங்கலாகத் தெரிவது இந்தக் கணக்கால்தான்.

ஒட்டும்போது தங்கும் பொடிக் குமிழ்கள் ஓரிரு நாளில் காணாமல் போவதும் பசையின் குணமே. சிலிகோன் வழியாகக் காற்று சுலபமாக ஊடுருவும். குமிழுக்குள் அழுந்திக் கிடக்கும் காற்று பசையில் கரைந்து மெல்லப் பரவிப் போய்விடும். நடுவில் தூசி இருந்தால் மட்டும் குமிழ் போகாது. மைக்ரான் கணக்கில் இருக்கும் ஒரு துகள், விறைப்பான கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துத் தன்னைச் சுற்றி மில்லிமீட்டர் கணக்கில் வெள்ளை வட்டம் போட்டுவிடும். அனுபவமுள்ள கடைக்காரர் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். கண்ணாடியை முழுக்க எடுக்காமல் ஒரு பக்கம் மட்டும் தூக்கி, ஸ்டிக்கர் நுனியால் அந்தத் தூசியை ஒற்றி எடுப்பார். அந்தக் கைப்பக்குவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது.

திரைக்கு அடியில் கைரேகை உணரி வந்தபின் பசையின் பொறுப்பு இன்னும் கூடியது. சில போன்கள் மீயொலி அனுப்பி ரேகையைப் படிக்கின்றன. இடையில் மெல்லிய காற்று அடுக்கு இருந்தாலும் மீயொலி அங்கேயே திரும்பிவிடும். திரவப் பசை ஊற்றி, புறஊதா விளக்கில் இறுக வைக்கும் ‘யூவி கிளாஸ்’ இந்த மாதிரிப் போன்களுக்கும் வளைந்த திரைகளுக்கும்தான் வந்தது. 2019 அக்டோபரில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்10 போன்களில், சிலவகை சிலிகோன் உறைகளைத் திரைமேல் வைத்தால் யார் விரலுக்கும் பூட்டு திறந்தது. உறையின் மேடுபள்ளங்களையே உணரி ரேகையாக எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்று நிறுவனம் சொல்லி, மென்பொருளைத் திருத்தியது. திரைக்கு மேல் வைக்கும் எதுவும் வெறும் மூடி ஆகிவிடாது.

டெம்பர் கிளாஸின் மேல் விரல் வழுக்கிக்கொண்டு போகும் அந்தச் சுகத்துக்குக் காரணம் ஃபுளோரின் கலந்த மூலக்கூறுகளின் பூச்சு. அதன் தடிமன் நானோமீட்டர் கணக்கில்தான். புதுக் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாகத் திரண்டு நிற்கும். சில மாதம் தேய்ந்தபின் அதே சொட்டு பரந்து படியும். எண்ணெய்க் கறையும் அப்போதுதான் பிடிவாதம் பிடிக்கத் தொடங்கும்.

பின்பக்கம் ஒட்டும் வினைல் ஸ்கின்கள் விழுந்தால் காப்பாற்றாது. கீறலையும் கறையையும் மட்டும் தடுக்கும். அவற்றின் பசையைச் சாய்த்துப் பார்த்தால் நுண்ணிய கட்டக்கோடுகள் தெரியும். காற்று வெளியேற வேண்டுமென்றே வெட்டிய வாய்க்கால்கள் அவை. கடையில் இயந்திரத்தில் வெட்டித் தரும் பாலியூரித்தேன் ஃபிலிம் வேறு ரகம். நகக் கீறல் விழுந்தால், நீட்டப்பட்ட மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்லச் சுருங்கிக் கீறலை மூடிவிடும். ஹெலிகாப்டர் விசிறியின் முன்விளிம்பை மணல் அரிக்காமல் காக்க ஒட்டிய அதே குடும்பத்துப் பொருள்.

கிரிஃபித் சொன்னதை ஏற்றுக்கொண்டால், ஒரு வருடம் வெறுமனே புழங்கிய திரைக்குமேல் டெம்பர் கிளாஸ் போடுவதில் பயன் குறைவு. விரிசலுக்கு வித்து ஏற்கெனவே விழுந்துவிட்டது. போடுவதானால் வாங்கிய அன்றே போடவேண்டும். ஆலையின் உப்புத் தொட்டியிலிருந்து வந்த மேல்பரப்பு அப்படியே இருக்கும்போது. பழையதை எடுக்கும்போது பிளேடு நுனி விளிம்பில் உரச விடாமல், பிளாஸ்டிக் அட்டையால் எடுக்கச் சொல்லுங்கள். புதியதை ஒட்டுமுன் திரையை முதலில் ஈரத் துணியால் துடைக்கவேண்டும். உலர்ந்த துணியில் அழுத்தித் தேய்த்தால், திரைமேல் இருக்கும் மணல் துகளை நாமே அதன்மேல் வைத்து இழுத்ததாகிவிடும்.