பாரதத்தில் எந்தப் பருவம்?

பல பாகங்களாக நீளும் அற்புதக் கதையில் எந்தப் பாகம் சிறந்தது என்ற கேள்வி மட்டக்களப்புக்குப் புதிதல்ல. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தேற்றாத்தீவு போன்ற எழுவான்கரை ஊர்கள் நிறைந்த இப்பகுதியில், கூத்தும் திரௌபதை அம்மன் சடங்கும் மகாபாரதத்தைப் பகுதி பகுதியாகவே வாழவைத்துள்ளன.

வடமொழிப் பாரதத்தில் 18 பருவங்கள். வில்லிபுத்தூரார் தமிழில் 10 பருவங்களோடு, போர் ஓய்ந்ததும் நிறுத்திக்கொண்டார். கூத்து அதையும் விடச் சிக்கனமானது: ஓரிரவுக்கு ஒரு போர் போதும். அபிமன்யு வீழும் பதின்மூன்றாம் போரும், துரியோதனன் மடியும் பதினெட்டாம் போரும் கூத்தின் இரு பாணிகளுள் ஒன்றான வடமோடியின் பெயர்பெற்ற கதைகள்.

வடமோடி வீரத்தையும் அழிவையும் நாடும். மற்றப் பாணியான தென்மோடிக்குக் காதலும் மங்கள முடிவும் உகந்தவை. ஆகவே கதைத் தேர்வு வெறும் ரசனை அன்று. ஊரில் எத்தனை பேர் ஆடத் தயார், யாருடைய குரல் எந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தும் என்பதையெல்லாம் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் எடைபோட வேண்டும். பிறகே ஆடுவோருக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்து சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் அரங்கேற்றம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் புதுக்கத் தொடங்கி, 1962இல் மேடையேற்றியது ‘கர்ணன் போர்’. பொருத்தமான தெரிவுதான். அறம் எதிரணியில் இருக்க, செஞ்சோற்றுக் கடனுக்காகத் தெரிந்தே சாகப்போகும் வீரனைவிட ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் இடந்தரும் பாத்திரம் பாரதத்தில் அரிது. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலிலோ தெரிவுக்கே இடமில்லை; வனவாசம் முதல் தீமிதிப்பு வரை கதை சடங்காகவே நடந்தேறுகிறது.