விழிக்க மறுக்கும் கணினி

நுழையும்முன்

கணினி தொடங்கவில்லை என்றால் அதனுள் இருந்தவை யாவும் அழிந்துவிட்டன எனப் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தில் எடுக்கும் முடிவே பல நேரங்களில் உண்மையான இழப்பை உண்டாக்குகிறது. புதுப்பித்தலுக்குப்பின் நின்றுபோன கணினியை எவ்வாறு ஆராய்வது, எந்த வரிசையில் சீர்செய்வது என்பதை, உலகமே கண்ட ஒரு நிகழ்வின் துணையுடன் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு கோப்பால் நின்ற உலகம்

2024 ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் மென்பொருளுக்கான சிறு புதுப்பிப்புக் கோப்பு ஒன்றை வெளியிட்டது. அதனைப் பெற்ற விண்டோஸ் கணினிகள் நீலத்திரையைக் காட்டி நின்றன. தாமாகவே மறுபடி தொடங்கின, மறுபடியும் நின்றன. விமானங்கள் தரையிறங்கியபடியே கிடந்தன. மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் பணிகள் தடைபட்டன. அமெரிக்காவின் சில மாநிலங்களில் அவசர உதவி அழைப்பு மையங்களும் பாதிக்கப்பட்டன. இந்திய விமான நிலையங்களில் பயணிகள் சிலருக்குக் கையால் எழுதிய பயண அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டன.

பாதிக்கப்பட்ட கணினிகள் ஏறத்தாழ 85 இலட்சம் என மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. இஃது உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளுள் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. இணையத் தாக்குதல் எதுவும் நிகழவில்லை. கணினிகளின் உறுப்புகள் பழுதடையவில்லை. பயனர்களின் கோப்புகளும் வட்டில் இருந்தவாறே இருந்தன. அவ்வாறெனில் கணினிகள் ஏன் எழவில்லை? விடை காண, கணினி விழித்தெழும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

கணினி எழும் முறை

தொடரோட்டத்தில் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கோல் மாறுவதுபோல, கணினியின் தொடக்கமும் படிப்படியாகக் கைமாறி நடைபெறுகிறது. பொத்தானை அழுத்தியதும், தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் அல்லது அதன் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ என்னும் நிரல் விழிக்கிறது. அது நினைவகம், விசைப்பலகை, வட்டு முதலியவற்றைச் சோதிக்கிறது. பின்னர் வட்டிலுள்ள தொடக்க ஏற்றி என்னும் சிறு நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. அந்த ஏற்றி, இயக்க அமைப்பின் மையமாகிய கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல், ஒவ்வொரு கருவியையும் இயக்கும் இயக்கி நிரல்களை அழைக்கிறது. இறுதியில் பயனர் நுழைவுத்திரை தோன்றுகிறது.

எந்த ஒரு கையில் கோல் தவறினாலும் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். அதற்கு முன் ஓடியவர்மீது குற்றமில்லை. ஆகவே, 'கணினி கெட்டுவிட்டது' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'எந்தப் படியில் நின்றது' என்று கேட்பதே சீர்செய்தலின் தொடக்கமாகும்.

மீண்டும் மீண்டும் விழுந்தது ஏன்?

பாதுகாப்பு மென்பொருள், தீங்கான நிரல்கள் தலையெடுக்கும் முன்னரே விழித்திருக்க வேண்டும். ஆதலால் அதன் இயக்கி நிரல், தொடக்கத்தின் முற்பகுதியிலேயே கெர்னலுடன் சேர்ந்து இயங்குகிறது. அன்று வந்த கோப்பு 21 ஆவது உள்ளீடு ஒன்றைப் பார்க்கும்படி பணித்தது. ஆனால், நிரலுக்குக் கிடைத்தவை 20 உள்ளீடுகளே. இல்லாத ஒன்றைத் தேடிய நிரல், தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைப் படிக்க முயன்றது. இத்தகைய பிழை சாதாரணச் செயலியில் நேர்ந்தால் அச்செயலி மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் நேர்ந்தால், மேலும் கேடு விளையாதிருக்க இயக்க அமைப்பு முழுவதையும் நிறுத்திவிடும். நீலத்திரை என்பது அந்நிறுத்தத்தின் அறிவிப்பே.

கணினி மறுபடி தொடங்கும்போது அதே இயக்கி அதே கோப்பைப் படித்தது. அதே இடத்தில் விழுந்தது. பிழையான கோப்பை நிறுவனம் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுத் திருத்தியது. எனினும், இணையத்தை எட்டும் முன்னரே விழுந்துவிடும் கணினி, திருத்திய கோப்பை எவ்வாறு பெறும்? எனவே, பெரும்பாலான கணினிகளின் முன்னும் ஒரு மனிதர் நேரில் சென்று அமர வேண்டியதாயிற்று. அவர் செய்தது எளிய செயல். கணினியைப் பாதுகாப்பான தொடக்க முறையில் இயக்கி, சி-00000291 எனத் தொடங்கும் பெயருடைய கோப்பை நீக்கினார். கணினி எழுந்தது.

நின்ற இடம் அறிதல்

நோயின் காரணம் அறிந்தே மருத்துவர் மருந்து தருவார். கணினிக்கும் அதுவே நெறி. விளக்கே எரியவில்லை என்றால் மின்னிணைப்பையும் மின்கலத்தையும் பார்க்க வேண்டும். இடைவிட்டு ஒலி எழுப்பி நின்றால் நினைவகம் போன்ற உறுப்பில் குறை இருக்கலாம். தயாரிப்பாளரின் சின்னம் தோன்றியபின் 'தொடக்க வட்டு இல்லை' என்னும் பொருளில் செய்தி வந்தால், பயாஸ் தவறான வட்டைத் தேடுகிறது அல்லது வட்டு பழுதடைந்துள்ளது எனலாம். விண்டோஸ் சுழல்வட்டம் தோன்றியபின் நீலத்திரை வந்தால், ஐயம் இயக்கி நிரலின்மீதோ புதுப்பிப்பின்மீதோ விழும். திரையில் தோன்றும் பிழைக்குறியீட்டைத் தாளில் எழுதிக்கொள்வதோ கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வதோ நன்று.

சீர்செய்யும் வரிசை

எளியதும் தீங்கற்றதுமான வழியை முதலிலும், அனைத்தையும் மாற்றும் வழியை இறுதியிலும் கையாள வேண்டும்.

முதலாவது, பொறுத்திருத்தல். புதுப்பித்தல் நடைபெறுவதாகத் திரை காட்டும்போது மின்னிணைப்பைத் துண்டித்தல் கூடாது. பழைய கணினிகளில் இப்பணி மணிக்கணக்கிலும் நீளலாம். பாதி எழுதப்பட்ட கோப்பே புதிய பழுதுக்குக் காரணமாகிவிடும்.

இரண்டாவது, வெளிக்கருவிகளை நீக்குதல். பென்டிரைவ், அச்சுப்பொறி முதலியவற்றை எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். செருகப்பட்ட பென்டிரைவிலிருந்து தொடங்க முயன்று கணினி நின்றுபோவதும் உண்டு.

மூன்றாவது, மீட்புச் சூழலை அடைதல். தொடர்ந்து இரண்டு மூன்று முறை தொடக்கம் தடைபட்டால், விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைக் காட்டும். அங்குள்ள தொடக்கப் பழுதுநீக்கும் வசதியை முதலில் பயன்படுத்தலாம். அது பயனளிக்காவிடில், அண்மையில் நிறுவிய புதுப்பிப்பை நீக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். மாதந்தோறும் வரும் சிறு புதுப்பிப்பிற்கும், இயக்க அமைப்பின் பதிப்பையே மாற்றும் பெரும் புதுப்பிப்பிற்கும் அங்குத் தனித்தனி வாய்ப்புகள் உண்டு. பெரும் புதுப்பிப்பிலிருந்து பின்வாங்குவதற்குப் பொதுவாக 10 நாள்களே காலக்கெடு.

நான்காவது, சேஃப் மோடு எனப்படும் பாதுகாப்பான தொடக்க முறை. இம்முறையில் இன்றியமையாத இயக்கிகள் மட்டுமே ஏற்றப்படும். இதில் கணினி எழுந்துவிட்டால், புதிதாகச் சேர்க்கப்பட்ட ஏதோ ஒன்றே காரணம் எனப் பெரும்பாலும் கொள்ளலாம். அதனைக் கண்டறிந்து நீக்க வேண்டும்.

லினக்ஸ் கணினிகளில் பொதுவாகப் புதிய கெர்னலை நிறுவும்போது பழைய கெர்னலும் நீக்கப்படாமல் இருக்கும். தொடக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழைந்து, பின்னர்ப் புதியதன் குறையை ஆராயலாம்.

ஐந்தாவது, கோப்புகளை மீட்டல். மேற்கண்டவை பயன்தராவிடில், பென்டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸைக் கொண்டு கணினியைத் தொடங்கி, வட்டிலுள்ள கோப்புகளை வேறொரு வட்டிற்குப் படியெடுக்கலாம். இதனைச் செய்தபின்னரே இயக்க அமைப்பைப் புதிதாக நிறுவ எண்ண வேண்டும். 'ஃபார்மட் செய்துவிடலாம்' என்று ஒருவர் சொன்னவுடன் தலையசைப்பது, கதவு திறக்கவில்லை என்பதற்காக வீட்டை இடிப்பதற்கு ஒப்பாகும்.

தெரிந்து தெளிவோம்

விண்டோஸில் உள்ள பிட்லாக்கர் என்னும் வசதி, வட்டிலுள்ள செய்திகளை மறைகுறியாக்கிப் பூட்டி வைக்கிறது. மீட்புச் சூழலில் அதனைத் திறக்க 48 இலக்க எண் ஒன்று தேவைப்படலாம். அவ்வெண் இல்லையேல், கோப்புகள் வட்டில் இருந்தும் இல்லாதவையே. 2024 நிகழ்வின்போது சில நிறுவனங்களில் அவ்வெண்களைச் சேமித்து வைத்திருந்த கணினிகளே முடங்கிக் கிடந்தன. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியதற்கு இது நிகர்.

வருமுன் காத்தல்

இந்நிகழ்வுக்குப்பின், தன் புதுப்பிப்புகளை அனைவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் படிப்படியாக அனுப்பப்போவதாக கிரவுட்ஸ்டிரைக் அறிவித்தது. நாமும் நம் அளவில் கற்கத்தக்கவை உள. புதுப்பிக்கும் முன் பாடக்குறிப்புகள், செயல்திட்டங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். மீட்பு எண்ணைத் தாளில் எழுதிப் பாதுகாத்தல் வேண்டும். மின்கலத்தில் போதிய மின்சாரம் இருத்தல் வேண்டும். நாளை தேர்வு அல்லது ஒப்படைப்பு என்றால் இன்றிரவு பெரும் புதுப்பிப்பைத் தவிர்த்தல் நலம். அதற்காகப் புதுப்பித்தலையே கைவிடுதல் அறிவுடைமையாகாது. பாதுகாப்புக் குறைகளை அடைக்கும் வழியும் அதுவே.

85 இலட்சம் கணினிகளை நிறுத்தியது ஒரு கோப்பு. அதனை நீக்கியதும் அவை எழுந்தன. விழிக்க மறுக்கும் கணினியின் முன் அமரும்போது நமக்கு முதலில் வேண்டியது, அது எங்கே நின்றது என்று பொறுமையுடன் பார்க்கும் பார்வையே.

கற்பவை கற்றபின்…

1. கணினி தொடங்கும் படிநிலைகளை வரைபடமாக்கி, ஒவ்வொரு படியிலும் ஏற்படக்கூடிய தடையைக் குறிப்பிடுக.

2. 'புதுப்பித்தலுக்குமுன் செய்ய வேண்டியவை' என்னும் தலைப்பில் உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்திற்கு ஓர் அறிவிப்புப் பலகை எழுதுக.