கிளிக் பண்ணுங்க... கடல் தாண்டுற ஆள்!

பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, லக்கேஜும் இல்லை. எடை அரை கிராம்கூடத் தேறாது. ஆனா, இந்தியப் பெருங்கடலையே தாண்டுற பரம்பரை! ஐப்பசி மழை சமயத்துல பள்ளிபாளையம் காவிரிக் கரைக்கோ, காலி கிரவுண்டுக்கோ போய் அண்ணாந்து பாருங்க. மஞ்சளா கூட்டமா வட்டமடிக்குதே... சின்ன வயசுல வாலில் நூல் கட்டி நீங்க பறக்கவிட்ட தட்டானோட சொந்தக்காரர்தான். பேர், குளோப் ஸ்கிம்மர். அறிவியல் பெயர் பேன்டாலா ஃபிளாவெசென்ஸ்.

இவரோட வண்டவாளத்தை வெளியே கொண்டுவந்தவர் சார்லஸ் ஆண்டர்சன். மாலத்தீவில் வசித்த கடல் உயிரியலாளர். அங்கே எல்லாம் பவளத் தீவுகள். தட்டான் முட்டையிட ஏத்த நல்ல தண்ணீர் மேற்பரப்பில் கிட்டத்தட்ட கிடையாது. அப்புறம் எப்படி வருஷா வருஷம் அக்டோபரில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குது? வருகிற தேதிகளை வருஷக்கணக்கில் குறிச்சு வெச்சார். 2009-ல் கட்டுரை வெளியானது. தென்னிந்தியாவிலிருந்து கிளம்பி, மாலத்தீவு வழியா கிழக்கு ஆப்பிரிக்கா போய், தென்மேற்குப் பருவக்காற்றோடு திரும்புது என்பது அவர் கணிப்பு. மொத்தம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர்! ஒரே தட்டான் இல்லீங்க. தாத்தா தொடங்கினதைப் பேரன் முடிக்கிற ரிலே ரேஸ்.

எரிபொருள்? ஆயிரம் மீட்டருக்கு மேலே ஏறி, பின்னாலிருந்து தள்ளுற காற்றில் மிதக்குது. பின் ரெக்கையின் அடிப்பகுதி அகலமா இருக்கிறது அதுக்குத்தான் உதவுது. மெக்கானிக்கல் மக்களே, நோட் பண்ணுங்க! காற்று ஒத்துழைச்சா இது முடியும்னு 2021-ல் ஸ்வீடனின் லண்ட் பல்கலைக்கழகக் குழுவும் கணக்குப் போட்டுச் சொன்னது.

சரி, எப்படி கிளிக் பண்றது?

* காலை வெயில் ஏறுறதுக்குள்ள போங்க. உடம்பு சூடாகும்வரை ஆள் அசையாது.

* குச்சியில் நேர்க்குத்தா தொங்கிட்டிருந்தா இவர்தான். ரெக்கையே ஆரஞ்சு கலர்ல, அழுக்குத் தண்ணி ஓரம் தாழ உட்கார்ந்திருந்தா அது 'டிட்ச் ஜுவல்'. மாசுபட்ட தண்ணியிலும் தாக்குப்பிடிக்கிற கில்லாடி.

* உங்க நிழல் அது மேல விழாம, குனிஞ்சு மெதுவா நெருங்குங்க. பக்கவாட்டில் ஒண்ணு, மேலிருந்து ஒண்ணு. பிடிக்க வேண்டாம், ப்ளீஸ்.

* தேதி, இடம் ரெண்டும் கட்டாயம். 'ஐநேச்சுரலிஸ்ட்' ஆப்பில் ஏத்திடுங்க.

'இதனால என்ன பாஸ் பிரயோஜனம்?'னு கேட்கிறீங்களா? சாட்டிலைட் டிரான்ஸ்மிட்டரைச் சுமக்கிற சைஸ் இல்லை இது. அதனால யார், எங்கே, எந்தத் தேதியில் பார்த்தாங்க என்பதுதான் பெரிய ஆதாரம். ஆண்டர்சன் கையில் இருந்ததும் அந்தத் தேதிகள்தானே!

இன்னொண்ணு. இது முட்டையிடுறது மழைக்குட்டையில். குஞ்சு வளர்ந்து ரெக்கை முளைக்க ஒன்றரை, ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் குட்டையில் தண்ணி நிக்கணும். குப்பையைக் கொட்டி அதை மூடினா, ஆப்பிரிக்கா டிக்கெட் இங்கேயே கேன்சல்!

அடுத்த மழைக்கு ரெடியா? போன்ல சார்ஜ் இருக்கட்டும்!