பார்டர் போச்சு... பரோட்டா இருக்கு!

குற்றாலத்தில் குளித்து, தலை துவட்டிக்கொண்டு அப்படியே ஊர் திரும்புகிறவரா நீங்கள்? ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பாருங்கள். செங்கோட்டை!

வீடு மாறாமலே விலாசம் மாறின ஊர் இது. 1956 அக்டோபர் 31 ராத்திரி திருவிதாங்கூர்-கொச்சிக்காரராகப் படுத்தவர், மறுநாள் காலை சென்னை ராஜ்யத்துக்காரராக எழுந்தார். தாலுகாவின் மேற்கே இருந்த மலையும் காடும் கேரளத்தோடு போச்சு. என் பி.காம். பாஷையில் சொன்னால், ஊர் வரவு, காடு செலவு! 2019-ல் மாவட்டமும் மாறி, நெல்லை போய் தென்காசி ஆச்சு.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் இந்த ஊர்க்காரர்தான். உத்தியோகம் பார்த்தது மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில், சமஸ்தான வனத்துறையில்.

அந்த மலையைக் குடைந்து 1904-ல் வந்த ரயில்தான் ஊருக்கு மேற்கு வாசல். அகலப்பாதை போடுகிறோம் என்று 2010-ல் அதை நிறுத்தினார்கள். முழுசாகத் திரும்பி வர 2018 ஆச்சு. எட்டு வருஷம் ஸார்! புனலூரில் பெண் கொடுத்தவர்கள் பஸ்ஸில் வளைந்து வளைந்து போனார்கள். மாநிலக் கோடு பிரிக்காத சொந்தத்தை, ரயில் இல்லாத குறை பிரிக்கப் பார்த்தது.

பழைய சமஸ்தான எல்லை பக்கத்துப் பிரானூரில் இருந்தது. இப்போது புளியரைக்கும் அப்பால் போய்விட்டது. ஆனாலும் பிரானூர் இன்றைக்கும் 'பார்டர்'தான்; அங்கே போடுவது பார்டர் பரோட்டாதான். சால்னாவோடு இரண்டாவது ரவுண்டு போனபோது, நான் எந்த மாநிலம் என்று யாரும் விசாரிக்கவில்லை.

"நாட்டுக்கோழியா, காடையா?" என்றுதான் கேட்டார்கள்!