கடைசி பஸ்ஸுக்கு முன் நான்கு மணி நேரம்

பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். ஆனால் அங்கிருந்து மாவட்டத் தலைநகருக்கு வண்டியில் போக நினைப்பவர் முதலில் தமிழ்நாட்டுக்குள் இறங்கியாக வேண்டும். டாப்சிலிப், சேத்துமடை என்று காட்டைக் கடந்து சமவெளிக்கு வந்து, பிறகு வளைந்து மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். வேறு ரோடு கிடையாது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் நிலம் சமதளம்தான்; அங்கும் பெரிய வைத்தியம் என்றால் மக்களின் கண் கோயம்புத்தூரையோ பொள்ளாச்சியையோதான் பார்க்கும். இடுக்கி மலையில் மறையூர்க்காரருக்கு உடுமலைப்பேட்டை, பூப்பாறைக்காரருக்குப் போடி, குமுளிக்காரருக்குக் கம்பமும் தேனியும் மலையிறங்கினால் வரும் ஊர்கள். இவர்களுடைய ரேஷன் கார்டு சொல்லும் மாநிலத்தின் பெரிய ஆஸ்பத்திரி கோட்டயத்தில் இருக்கிறது. எப்போதாவது வரும் நோய்க்கு இந்தச் சுற்றுவழியைப் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்துவிடலாம். சிறுநீரகம் முழுக்கச் செயலிழந்தவர் டயாலிசிஸுக்காக வாரத்துக்கு மூன்று முறை, ஆண்டுக்கு 156 முறை போய்வர வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களிடமும் அவர்களுக்குத் துணைக்குப் போகிறவர்களிடமும் கேட்டால் குறைகள் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கொடுத்த ஷிஃப்ட் பஸ்ஸுக்கு ஒத்துவரவில்லை. சொன்ன நேரத்துக்குப் போனால் மெஷின் காலியில்லை. பாதியில் கால் பிடித்து இழுத்தாலும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருவதில்லை. டாக்டர் எட்டிப் பார்த்து மாதக்கணக்காகிறது. இந்தப் புகார்களை நிர்வாகம் வசதிக்குறைவு என்ற கணக்கில்தான் வைத்துக்கொள்கிறது. ஃபேன் ஓடவில்லை, கேன்டீன் டீ ஆறிப்போயிருந்தது என்பதோடு சேர்த்து இதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்கிறது. என் பார்வையில் இது அடிப்படையிலேயே தவறு. மற்ற நோய்களில் மாத்திரை மருந்து என்றால் இந்த நோயில் மணிக்கணக்கே மருந்து. ஷிஃப்ட் நேரத்தைத் தாறுமாறாகக் கொடுப்பது மருந்தளவைத் தாறுமாறாகக் கொடுப்பதற்குச் சமம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர், சிறுநீர் பிரியாததால், இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் மூன்று லிட்டர் நீரை உடம்பில் சேர்த்துக்கொண்டு வருகிறார். நான்கு மணி நேரத்தில் அதை இறக்கினால் மணிக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு, 15 மில்லி. இந்த வேகம் 13 மில்லியைத் தாண்டும்போது இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது என்பது சிறுநீரக மருத்துவத்தில் பேசப்படும் வரம்பு. ஆக, நான்கு மணி நேரமே அவருக்குப் போதவில்லை. நாலரை மணி நேரத்துக்கும் சற்று மேல் வேண்டும். இந்த நிலையில் முந்தைய ஷிஃப்ட் தாமதமாகி அவரை அரை மணி பிந்தி மெஷினில் போட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் அவரே கெஞ்சி வழக்கமான நேரத்தில் எழுந்துகொண்டால் வேகம் 17 மில்லியாகிவிடுகிறது. பிறகு நடப்பதெல்லாம் நோயாளிகள் நன்றாக அறிந்தது: ரத்த அழுத்தம் சரிவது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, கண் இருட்டுவது, வீடு வந்தும் எழுந்து உட்கார முடியாத அசதி. பல நாடுகளில் திரட்டிய ஆய்வு ஒன்றில் மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகள் டயாலிசிஸுக்குப் பிறகு தேறிவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நம் மலைப்பாதை நோயாளி கொண்டை ஊசி வளைவுகளில், கம்பியைப் பிடித்தபடி கழிக்கிறார்.

நாள் இடைவெளிக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் 32,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு, வாரம் மூன்று முறை வருகிறவர்களிடம்கூட, வார இறுதியை ஒட்டிவரும் இரண்டு நாள் இடைவெளி முடியும் நாளில் இறப்பு கூடுகிறது என்று காட்டியது. மற்ற நாள்களில் ஆண்டுக்கு 100 பேருக்கு 18 என்ற வீதத்தில் இருந்தது அந்த நாளில் 22-க்கு ஏறியது. நம் நாட்டில் மிகப் பலர் வாரத்துக்கு இரண்டு முறைதான் செய்துகொள்கிறார்கள். திங்களும் வியாழனும் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் இரண்டு நாள் இடைவெளி, மறுபக்கம் மூன்று நாள். அமெரிக்க நோயாளிக்கு வாரத்தில் ஒரு முறை வரும் ஆபத்து நாள் இவருக்கு இரண்டு முறையும் வருகிறது, ஒன்று இன்னும் நீளமாக. இந்த இரண்டு முறையிலும் ஒன்று தவறினால் என்ன மிஞ்சும்?

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2016-17 நிதிநிலை அறிக்கையில் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்த அருண் ஜெட்லி, ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் புதிதாக இந்த நிலைக்கு வருவதாகவும், ஒரு முறைக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய் செலவாவதாகவும் சொன்னார். குடும்பங்கள் நெடுந்தூரம் அலைவதையும் கூலி இழப்பதையும் அதே உரையில் குறிப்பிட்டார். திட்டம் நடைமுறைக்கு வந்தபோது 2,000 ரூபாய் திட்டத்துக்குள் வந்தது. அலைச்சலும் கூலியும் வெளியே நின்றுவிட்டன. கேரளத்தில் லாட்டரி வருமானத்தில் தொடங்கிய காருண்யா நிதியும், பின்னர் வந்த காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டமும் ஏழைகளுக்குப் பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை எல்லாம் பணம் கட்டுவது இத்தனை மெஷினுக்கு, இத்தனை முறைக்கு என்றுதான். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, முழு நேரம் ஓடியதா, ஆள் எந்த நிலையில் வீடு போய்ச் சேர்ந்தார் என்பது பில்லில் ஏறுவதில்லை. தோட்டத் தொழிலாளியால் வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு நிற்க முடியாது என்றால் அந்த மூன்று நாளும் கூலியில்லை. துணைக்கு வரும் மனைவிக்கும் மகனுக்கும் அதேதான்.

மலையில் ரோடும் ஒரு நோயாளி மாதிரிதான், எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு–மறையூர் ரோட்டில் பெரியவரைப் பாலம் போனது. கட்டிய தற்காலிகப் பாலமும் 2020 ஆகஸ்டில் அடித்துச் செல்லப்பட்டது. அதே நாள்களில்தான் பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் மாண்டார்கள்; மீட்புக்குப் போன வண்டிகளே திணறின. பாலத்துக்கு அப்பால் இருக்கும் எஸ்டேட்டுகளில் டயாலிசிஸ் நோயாளி ஒருவர் இருந்தால் அவருடைய அடுத்த முறை எந்தக் கிழமை என்று மழை முடிவுசெய்கிறது. முன்கூட்டியே ஒரு நாள் சேர்த்துச் செய்துவிடுவது, மாற்று மையம் ஒன்றை ஏற்பாடு செய்துவைப்பது போன்றவை மழைக்காலம் பிறக்குமுன் செய்யவேண்டிய மருத்துவ வேலைகள்.

கவனக்குறைவு என்ற புகாருக்கு வருவோம். டயாலிசிஸில் டாக்டர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவற்றில் முதன்மையானது உலர் எடை, அதாவது கூடுதல் நீர் எதுவும் இல்லாதபோது உடம்பு இருக்கவேண்டிய எடை. பசியெடுத்து நன்றாகச் சாப்பிட்டால் சதை கூடும்; நோயில் மெலிந்தால் சதை குறையும். சார்ட்டில் எழுதிய எண் மட்டும் மாறாமல் கிடந்தால், மெலிந்தவருக்கு நீர் உள்ளேயே தங்கி மூச்சுத் திணறும், தேறியவருக்கு அளவுக்கு மேல் உறிஞ்சி மயக்கம் வரும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். காலை அழுத்திப் பார்க்க வேண்டும், இரவில் தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டியிருக்கிறதா என்று கேட்க வேண்டும், பதிலைக் காதில் வாங்க வேண்டும். எல்லைப்பகுதியில் இந்தக் கடைசி வேலைக்கு மொழி குறுக்கே நிற்கிறது. மலையாளம் பேசும் நர்ஸும் தமிழ் பேசும் எஸ்டேட் லயத்துப் பாட்டியும் சமாளித்துக்கொள்வார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. சமாளிக்கத்தான் செய்கிறார்கள், சந்தையில் தேங்காய் வாங்கும் அளவுக்கு. நெஞ்சு படபடக்கிறதா, அடைக்கிறதா, எரிகிறதா என்ற வேறுபாட்டுக்கு அந்த மொழி போதாது. வாழைப்பழம், இளநீர் போன்றவற்றிலுள்ள பொட்டாசியம் ஏன் இதயத்தை நிறுத்தும் என்பதை விளக்கவும் போதாது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், பின்னர் செய்த திருத்தத்தின்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழரும் கன்னடரும் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியில் எழுத வழிசெய்கிறது. பட்டாவுக்கு மனு எழுதத் தமிழ் செல்லும் இடத்தில், டயாலிசிஸ் அறையில் தொங்கும் உணவு அட்டவணை தமிழிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, மெஷின் பற்றாக்குறை. ஒரு மெஷின் நாளுக்கு மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு ஆறு நாள் ஓடினால் 18 இடம். வாரம் மூன்று முறை என்றால் ஆறு பேர். இரண்டு முறை என்றால் ஒன்பது பேர். காத்திருப்போர் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பொறுப்பாளர் ஒன்பதைத் தேர்ந்தால் அவரைக் கொடியவர் என்று சொல்ல நான் தயாரில்லை. மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் வேறு ஒதுக்க வேண்டும். ஆனால் இந்த நெருக்கடி யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற கேள்விக்குப் பதிலாகாது. உள்ளூரில் நடந்து வருகிறவருக்குக் காலை ஷிஃப்டும், மூன்று மணி நேரம் பயணித்து வருகிறவருக்குக் கடைசி ஷிஃப்டும் விழுவதற்குக் காரணம் பற்றாக்குறை இல்லை, யார் முதலில் பெயர் கொடுத்தார் என்ற வரிசை. இடங்களை மாற்றி அடுக்க ஒரு மெஷின்கூடக் கூடுதலாக வேண்டியதில்லை.

இரண்டாவது எதிர்வாதத்தை ஊழியர்கள் சற்றுக் கோபத்தோடு சொல்வார்கள்: நோயாளிகளே தண்ணீரைக் குடித்துவிட்டு வருகிறார்கள், சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் வேளை தவறவிடுகிறவரிடம் ஏன் என்று கேட்டு எழுதிவைக்கும் வழக்கம் எத்தனை இடத்தில் உண்டு? நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதிய குறிப்புக்குப் பின்னால் பஸ் வரவில்லை என்றோ, கைமாற்றுக் கிடைக்கவில்லை என்றோ இருக்கலாம். மூன்றாவதாக, இலவசமாகச் செய்வதில் குறை சொல்வதா என்ற முணுமுணுப்பு. வரியும் லாட்டரிச் சீட்டும் ஏழைகள் கொடுத்த காசு என்பதை இதற்கு நினைவூட்டினால் போதும்.

எல்லை தாண்டிப் பக்கத்து ஊரில் செய்துகொள்ள விட்டால் என்ன என்று தோன்றும். ஆயுஷ்மான் பாரத் 2018-இல் வந்தபோது பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மாநிலம் தாண்டியும் செல்லும் என்றார்கள். ஒரு முறை ஆபரேஷனுக்கு அது உதவலாம். ஆண்டுக்கு 156 முறை அடுத்த மாநிலத்து வரிசையில் நிரந்தர இடம் பிடிப்பது வேறு காரியம். எல்லை என்பது எவ்வளவு திடீரென்று சுவராகும் என்பதையும் 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின்போது, கண்டோம். கர்நாடகம் தலப்பாடியில் ரோட்டை அடைத்தது. மங்களூரை நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் சிலர் வழியிலேயே இறந்தார்கள். கேரள உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தலையிட வேண்டியிருந்தது. பாலக்காட்டு, இடுக்கி எல்லைக்காரர்களுக்கு அது தூரத்துச் செய்தி அல்ல.

பஸ் போகாத இடங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது: வயிற்றுவழி டயாலிசிஸ். வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியே நாளுக்கு மூன்று நான்கு முறை திரவத்தை ஏற்றி இறக்கி வீட்டிலேயே செய்துகொள்வது. ஹாங்காங் 1985 முதலும் தாய்லாந்து 2008 முதலும் இதற்கு முதலிடம் கொடுத்துப் பார்த்தன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. கேரளமும் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைப் பதினான்கு மாவட்டங்களுக்கும் விரித்திருக்கிறது. ஒற்றை அறை லயத்தில், கறிக்கு அடுப்பு எரியும் இடத்துக்குப் பக்கத்தில், இதைச் செய்தால் வயிற்றில் சீழ் பிடிக்காதா என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். திரைபோட்ட ஒரு மூலை, கைகழுவத் தண்ணீர், பழக்கிவிட ஒரு நர்ஸ், கலங்கிய திரவத்தைக் கண்டதும் தமிழில் பேசக்கூடிய ஒரு போன் எண் ஆகியவை இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒத்துவரவும் செய்யாது. ஒத்துவருகிறவருக்கு, நாளுக்கு மூன்று பை என்று வைத்தாலும், மாதத்துக்குத் தொண்ணூறு பை, சுமார் 180 கிலோ. எஸ்டேட்டுக்கு அரிசியும் உரமும் ஏற்றிவரும் ஜீப்பில் மாதம் ஒரு தடவை ஏறக்கூடிய சுமைதான் அது.