வயல் நடுவே ஒரு வழி

மற்றொருவருக்குச் சொந்தமான வயல். கோதுமை முழங்காலளவு வளர்ந்து நிற்கிறது. அதன் நடுவே, முன்பின் அறியாத ஒருவர், எவரிடமும் அனுமதி கேளாமல் நடந்து செல்கிறார். நிலத்தின் சொந்தக்காரர் அவரைத் தடுக்கவில்லை, தடுக்கவும் இயலாது. அன்பு வாசகர்களே! இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் நாள்தோறும் காணக்கூடிய காட்சி இது.

அந்நாட்டின் வடகிழக்கில் யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் என்றொரு பகுதி உண்டு. பெருநகரங்களோ ஆலைகளோ இல்லாத, அமைதியான வேளாண் பூமி. ஹம்பர் முகத்துவாரத்தின் கரையிலுள்ள ஹெஸில் என்னும் ஊரில் தொடங்கி, வட கடலோரத்து ஃபைலி வரை 127 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு நடைபாதை இப்பகுதியினூடே செல்கிறது. 1982ஆம் ஆண்டு தேசிய நடைபாதைகளுள் ஒன்றாக இது திறந்து வைக்கப்பட்டது. ஓக் மரத்தின் காயைச் சின்னமாகப் பொறித்த வழிகாட்டிக் கம்பங்கள் பயணியை அழைத்துச் செல்கின்றன.

நீரற்ற பள்ளத்தாக்குகள்

இந்நிலத்தின் அடியில் இருப்பது சீமைச் சுண்ணாம்புப் பாறை. ஏழு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உருவானது. பெய்யும் மழையை அது உடனே உறிஞ்சிவிடுகிறது. ஆகவே இங்குள்ள பள்ளத்தாக்குகள் பெரும்பாலானவற்றில் ஓடை இல்லை. பனியூழிக் காலத்தில் பாறை உறைந்து கிடந்தபோது, மேலே ஓடிய நீர் அரித்த வடுக்களே அவை. மேட்டுச் சமவெளியில் கோதுமையும் பார்லியும் விளைகின்றன. ஏர் பூட்ட முடியாத செங்குத்தான சரிவுகளில் ஆடுமாடுகள் மேய்கின்றன. கால்நடைகளுக்கு நீர் வேண்டி, முன்னாளைய உழவர்கள் களிமண் பூசிக் குட்டைகள் அமைத்தனர்.

வழி யாருக்குச் சொந்தம்?

நிலம் உழவருடையது, வழி பொதுமக்களுடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலவும் சட்டத்தின் சாரம் இதுதான். 1949ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய வழிகளையெல்லாம் வரைபடத்தில் பதிவு செய்யுமாறு உள்ளாட்சி மன்றங்களைப் பணித்தது. தனியார் நிலத்தின் மீது மக்கள் ஒளிவுமறைவின்றி, தடையின்றி, எவரிடமும் அனுமதி பெறாமல் 20 ஆண்டுகள் நடந்து வந்திருப்பின், சொந்தக்காரர் அவ்வழியைப் பொதுவுக்கு விட்டுவிட்டதாகவே சட்டம் கொள்ளும். அவர் அதனை மறுக்க வேண்டுமாயின், அத்தகைய எண்ணம் தமக்கு இருந்ததில்லை என்பதை மெய்ப்பிக்க வேண்டும்.

உழவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். வயலின் குறுக்கே செல்லும் பாதையை அவர் உழுது விதைக்கலாம். ஆனால் 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்திற்கு அதனை மீண்டும் நடக்கத்தக்கதாக்க வேண்டும். வயலோரமாகச் செல்லும் பாதையை உழவே கூடாது. நடப்பவருக்கும் கடமைகள் இருக்கின்றன. பாதையை விட்டு விலகிப் பயிரை மிதிக்கலாகாது. திறந்த படலைத் திறந்தவாறும், மூடிய படலை மூடியவாறும் விட்டுச் செல்ல வேண்டும். ஆடுகள் குட்டி ஈனும் பருவத்தில் நாயைக் கயிற்றில் பிடித்தே செல்ல வேண்டும். ஒருவர் விட்டுக்கொடுப்பதும் மற்றவர் வரம்பு மீறாதிருப்பதுமாக இவ்வழிகள் நிலைத்திருக்கின்றன.

ஊர் அழிந்தது, பாதை எஞ்சியது

இப்பாதையில் வாரம் பெர்சி என்னும் இடத்தை அடைகின்ற எவரும் சற்றே நின்றுவிடுவர். ஒரு காலத்தில் இது உழவர்கள் வாழ்ந்த சிற்றூர். 1500ஆம் ஆண்டையொட்டி, எஞ்சியிருந்த குடிகளையும் நிலப்பிரபு வெளியேற்றினார். ஆட்டு உரோமம் தானியத்தினும் மிகுந்த வருவாய் தந்தமையால், உழுநிலம் மேய்ச்சல் நிலமாயிற்று. 1950 முதல் 1990 வரை ஆண்டுதோறும் கோடையில் ஆய்வாளர்கள் இங்கு அகழ்ந்து, வீடுகளின் அடித்தளங்களையும் அம்மக்களின் வாழ்க்கைச் சுவடுகளையும் கண்டறிந்தனர். கூரையிழந்த ஒரு தேவாலயமும் புல் மூடிய மேடுகளும் இன்று அங்கே காணக்கிடைக்கின்றன.

ஆயினும் ஊர் அழிந்த பின்னரும் அங்கு செல்லும் வழி அழியவில்லை. அடுத்த ஊராகிய திக்சன்டேலின் மக்கள், தங்கள் ஊரில் 1870ஆம் ஆண்டு தேவாலயம் எழும் வரை, வழிபாட்டிற்காகக் குன்றுகளைக் கடந்து இங்கேயே நடந்து வந்தனர்.

ஒரு வழி மூடப்படுவது எத்தகைய இழப்பு என்பதை அந்நாடு 2001ஆம் ஆண்டு உணர்ந்தது. கோமாரி நோய் பரவியபோது நாடெங்கும் நடைபாதைகள் பல மாதங்கள் மூடப்பட்டன. அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. ஆடுமாடுகளை இழந்து உழவர் கலங்கினர்; நடப்போர் வராமையால் விடுதிகளும் சிறுகடைகளும் வருவாயிழந்தன. உழவரும் வழிப்போக்கரும் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்கின்றனர் என்பதை அம்மாதங்கள் கற்பித்தன.

பொது வழியைக் காப்பதற்குச் சட்டம் வேண்டும்; சட்டம் மட்டும் போதாது. எவரும் நடவாத பாதையை ஓரிரு பருவங்களில் புல் மூடிவிடும்; ஓரிரு தலைமுறைகளில் நினைவும் மூடிவிடும். வயல் நடுவே கிடக்கும் அம்மெல்லிய கோட்டை இந்நாள் வரை அழியாமல் காத்து வருபவை, அதன் மீது மீண்டும் மீண்டும் பதிகின்ற எளிய மக்களின் காலடிகளேயாகும்.