பேராசிரியருக்கு ஒரு வயல்

“ஒரு நாற்காலிக்கு இத்தனை காசா, சேர்?” என்று கேட்டான் என்னிடம் முன்னர் படித்த மாணவன் ஒருவன். உயர்தர வகுப்பிலே தமிழ் படித்தவன். இப்பொழுது ஒலுவிலிலே முதலாம் ஆண்டு. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸிலே தன் இடத்தை எனக்குத் தந்துவிட்டுப் பக்கத்திலே நின்றுகொண்டிருந்தான். ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலே தமிழ் இருக்கை அமைப்பதற்கு 60 இலட்சம் டொலர் சேர்த்தார்கள் என்று எங்கோ வாசித்திருக்கிறான். அவன் பரிகாசம் பண்ணவில்லை, விளங்காமற்றான் கேட்டான். முன் இருக்கையிலிருந்த இரண்டொருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர்.

எனக்கு உடனே விடை வரவில்லை. அட்டாளைச்சேனை கழிந்து பாலமுனையை அண்மியபோது மேற்குப் பக்கத்து வயல்வெளி கண்ணிற் பட்டது. விடையும் அப்பொழுதுதான் வந்தது.

“மகன், ஒரு போடியார் தம்முடைய வட்டையிலே நாலு ஏக்கரைப் பள்ளிவாசலுக்கு வக்பு செய்கிறார் என்று வைத்துக்கொள். அந்த நிலத்தை இனி எவரும் விற்கலாமா?”

“ஏலாது, சேர்.”

“அவருடைய பிள்ளைகள் பங்கு கேட்கலாமா?”

“அதுவும் ஏலாது.”

“விளைச்சலை?”

“அது பள்ளிக்கு. வருசா வருசம்.”

“இருக்கை என்பதும் அவ்வளவுதான். காசு நாற்காலிக்கன்று, வயலுக்கு.”

ஒலுவிலிலே அவன் இறங்கிப் போய்விட்டான். அரைகுறையாகச் சொல்லி விட்டதை இங்கே முழுமையாகச் சொல்லலாமென்று எண்ணுகிறேன். நம் பகுதியிலே ஆசிரியர்களும் மாணவர்களும் எழுத்தாளர் வட்டத்தினரும் இதனைப்பற்றிச் சிந்திக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் எண்ணம்.

வயல் என்று நான் சொன்னது வெறும் உவமையன்று. கேம்பிரிட்ஜிலே கணிதத்துக்கென 1663ஆம் ஆண்டு ஓர் இருக்கையை ஏற்படுத்திய ஹென்றி லூக்காஸ் என்பவர், ஆண்டுக்கு 100 பவுண் வருமானம் தரக்கூடிய நிலத்தை அதற்கென்றே வாங்கி ஒதுக்கும்படி மரணசாசனம் எழுதிவைத்தார். அந்த நிலத்தின் விளைச்சலை உண்டுதான் 1669 முதல் நியூட்டன் ஆராய்ந்தார். முந்நூறு ஆண்டு கழிந்து, 1979இல், ஸ்டீபன் ஹோக்கிங் அதே இருக்கையில் அமர்ந்தார். லூக்காஸ் என்பவர் யாரென்று இன்று கேட்பாரில்லை. அவர் போட்ட முதல் கிடக்கிறது.

ஹாவர்ட் கதையும் இதுவே. அமெரிக்காவில் வாழும் இரு தமிழ் மருத்துவர்கள், ஜானகிராமனும் சம்பந்தமும், 2015இல் ஆளுக்கு 5 இலட்சம் டொலர் வைத்துத் தொடக்கினர். அதன்பின் உலகெங்குமுள்ள தமிழர் கொடுத்தனர். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிற் பிறந்து கனடாவிலே வாழும் எழுத்தாளர் அ. முத்துலிங்கம் அவர்கள் அம் முயற்சியில் முன்னின்று உழைத்தவர். ஆயினும் இலக்கு நெடுந்தொலைவிலேயே நின்றது. 2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு 10 கோடி இந்திய ரூபா வழங்கியது. ஏறக்குறைய 15 இலட்சம் டொலர், அதாவது மொத்தத்திலே காற்பங்கு. மறுவருடத் தொடக்கத்தில் நிதி நிறைந்தது. சங்கப் பேராசிரியர் என்னும் பெயரோடு அவ்விருக்கையில் முதலில் அமர்ந்தவர் மார்த்தா ஆன் செல்பி என்னும் அம்மையார். 60 இலட்சத்தை நூற்றுக்கு நான்கு வீதம் விளையவிட்டால் ஆண்டுக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம் டொலர் வரும். முதலிலே ஒரு சதமும் குறையாது.

அந்நாளிலே ஒரு கேள்வியும் எழுந்தது. 3,700 கோடி டொலர் வைத்திருக்கும் ஹாவர்டுக்கு ஏழைத் தமிழன் ஏன் பணங் கொடுக்க வேண்டும்? பெரிய போடியாருக்குக் கூலிக்காரன் ஏர் வாங்கிக் கொடுப்பது போலிருக்கிறதே! இது நியாயமான கேள்வியென்றே நான் கருதுகிறேன். உலக அரங்கிலே தமிழுக்கு ஓர் ஆசனம் என்ற பெருமிதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைக்கொண்டு, தமிழையே மூச்சாகக் கொண்ட ஊர்களின் பல்கலைக்கழகங்களிலே எத்தனை ஆய்விருக்கைகள் அமைத்திருக்கலாம் என்று எண்ணாமலும் இருக்க முடியவில்லை.

நிற்க. அரசு தமிழ் இருக்கைக்குப் பங்கு கொடுத்ததைச் சிலர் புதுமையென நினைத்தனர். அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் இது பழகிய வழக்கம். புளோரிடாவிலே 1979ஆம் ஆண்டு ஒரு திட்டம் வந்தது: ஒருவர் பேராசிரியர் இருக்கைக்கென 6 இலட்சம் டொலர் நன்கொடை கொடுத்தால் மாநில அரசு 4 இலட்சம் போட்டுப் பத்து இலட்சமாக்கும். லூசியானாவும் இதே விகிதத்தில், கடலடி எண்ணெயால் வந்த பணத்தைக் கொண்டு செய்தது. கென்டக்கி 1997இல் டொலருக்கு டொலர் என்றது. ஹொங்கொங் அரசு 2003இல் இதே வழியிற் சென்றது. இதன் சூட்சுமம் எளிது. கொடுப்பவனுக்கு, தான் போட்ட ரூபா இரண்டு ரூபாவாகிறது என்ற மகிழ்ச்சி. அரசுக்கு, தனியாகச் செய்யவேண்டியதைப் பாதிச் செலவிற் செய்துவிட்ட திருப்தி. வாங்குகின்ற பல்கலைக்கழகமோ ஊர் மக்களிடம் போய்க் கையேந்தியாக வேண்டும். அதனால் ஊரும் பல்கலைக்கழகமும் ஒன்றையொன்று அறிய வேண்டி வருகிறது. இந்த மூன்றாவது பயனே பெரிதென்பேன்.

அரசின் வாக்கு என்றைக்கும் நிற்குமென்று மாத்திரம் நம்பிவிடலாகாது. புளோரிடாவிலே நன்கொடைகள் வந்து குவிய, அரசு போடவேண்டிய பங்கு நிலுவையாகி, 2011இன் நடுப்பகுதிக்குப் பின் வருங் கொடைகளுக்கு ஈட்டுப்பணம் இல்லையென்று நிறுத்திவைத்தார்கள். தனவந்தர் தந்த முதலும் தேயலாம். அண்ணாமலைச் செட்டியார் 20 இலட்சம் ரூபாவும் தம் கல்லூரிகளும் கொடுத்து 1929இல் எழுந்த சிதம்பரத்துப் பல்கலைக்கழகம், பண நெருக்கடியில் வீழ்ந்து, 2013இலே அரசு பொறுப்பேற்கும் நிலைக்கு வந்தது.

அண்ணாமலையை எடுத்தபின் காரைதீவைச் சொல்லாமல் விட முடியுமா? நம்முடைய கல்முனை வீதியிலே நிந்தவூரைத் தாண்டியதும் வருகின்ற அந்த ஊரிலே 1892இற் பிறந்த மயில்வாகனனார், விபுலாநந்த அடிகளாகி, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இலே இலங்கைச் சர்வகலாசாலையின் (அந்நாளில் அப்படித்தான் சொல்வோம்) முதலாவது தமிழ்ப் பேராசிரியரும் அவரே. இரண்டு பல்கலைக்கழகங்களுக்குத் தலைமகனைத் தந்தது நமது கரை. ஆனால் அவருடைய யாழ்நூல் எப்படி உருவாயிற்று? பாடசாலைகளை நடத்துவதற்கும், இமயத்து மாயாவதியிலே ஆங்கில ஏடொன்றின் ஆசிரியராயிருப்பதற்கும், பேராசிரியப் பணிக்கும் இடையிலே கிடைத்த பொழுதுகளிலே ஆண்டுக்கணக்காக எழுதப்பட்டது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை 1947 ஜூனிலே வெளியிட்டது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். ஆராய்ச்சிக்கென்றே ஓர் இருக்கை இருந்திருந்தால் இன்னும் இரண்டு நூல் கிடைத்திருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு.

அக்காலத்திலே கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். 1942இலே, யுத்தத்தின் உணவுப் பஞ்சத்துக்கு நெல் விளைவிப்பதற்காக அனுப்பப்பட்ட அதிகாரி. அவருக்கும் அடிகளுக்கும் இங்கே நட்பு மலர்ந்தது. நெல்லைப் பார்க்க வந்தவர் பிள்ளைகளைப் பார்த்தார். கல்முனையிலே முஸ்லிம் கல்விச் சங்கமொன்றை ஏற்படுத்தினார். பின்னர் 1945இலே கொழும்பிலே இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் தோன்றியது. வறிய மாணவனைப் படிக்க வைக்க வேண்டுமென்பதை நம் சமூகம் அன்றே விளங்கிக்கொண்டது. படித்த பின் ஆராய்வதற்கு அவனை உட்காரவைக்க வேண்டுமென்பதை இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலே இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கு ஓர் இருக்கை அமைந்தபோது, அதற்குப் பேராசிரியராகச் சென்றவர் பாணந்துறையைச் சேர்ந்த கலாநிதி ம. மு. உவைஸ் அவர்கள். அங்கிருந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு தொகுதி தொகுதியாக வெளிவந்தது. ஆள் நம்முடைய நாட்டவர். இருக்கை கடலுக்கு அப்பால்.

இருக்கை இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு என்னிடம் இரண்டு கொப்பிகள் சாட்சி. 1980களிலே, எனக்கு மூத்தம்மா முறையான ஒருவரிடமும் அவருடைய தோழிமாரிடமும், அருவி வெட்டுக் காலத்திலும் கல்யாண வீட்டிலும் படித்த கவிகளைக் கேட்டு எழுதிவைத்தேன். இருநூறுக்கு மேல் இருக்கும். ஓர் உயர்கல்வி நிலையத்திலே இத்துறையில் ஆர்வமுள்ள விரிவுரையாளர் ஒருவர் ஆவலோடு வாங்கிக்கொண்டார். ஒலிப்பதிவுக் கருவியோடு ஊருக்கு வருவதாகவும் சொன்னார். அவர் வரமுன்னர் ஓய்வுபெற்றார். பின் வந்தவருக்குத் துறை வேறு. அவர் மீது குறையில்லை. இலக்கணம் படித்தவரைக் கவி கேட்க வா என்று எப்படி அழைப்பது? நாலு வருடத்தின் பின் கொப்பிகள் ஒரு பழுப்பு உறையிலே திரும்பி வந்தன. அதற்குள் மூத்தம்மா மௌத்தாகிவிட்டார். அந்த ராகம் எனக்கு வராது. என் கொப்பியிலே சொல் இருக்கிறது, ஓசை இல்லை.

ஓர் ஆளின் ஆர்வம் அவரோடு போய்விடும். ஜெர்மனியிலே கொலோன் பல்கலைக்கழகத்துத் தமிழ்த்துறைகூட அப்படித்தான் மூடப்படும் நிலைக்கு வந்து, தமிழ்நாட்டரசும் வெளிநாட்டுத் தமிழரும் பணம் அனுப்பித் தாங்கவேண்டியிருந்தது. ‘கிழக்கிலங்கை நாட்டார் வழக்கும் இஸ்லாமியத் தமிழும்’ என்று பொருளைக் குறித்து ஒரு முதல் போட்டுவைத்தால், இவர் போனால் அதே பொருளுக்கு இன்னொருவரை அமர்த்தியே ஆகவேண்டும்.

ஒலுவிலிலே அதற்கு இடமுண்டு. எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996இலே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நம் வாசலில் இருக்கிறது. கொடுக்க ஆளுண்டா என்பீர்கள். கடல் கடந்து உழைக்கும் நம் பிள்ளைகள் மாடிப் பள்ளிவாசல் கட்டக் கொடுக்கவில்லையா? ஊர் ஒரு ரூபா திரட்டினால் திறைசேரி ஒரு ரூபா வைக்கட்டும். ஆனால் வாக்குறுதிக் கடிதம் போதாது. அரசின் பங்கு வங்கியில் விழுந்த பிறகே ஊரின் பங்கு கைமாற வேண்டும். புளோரிடாவின் பாடம் அது.

இன்னொரு பாடத்தை நம் நாடே தந்தது. 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலை ஓராண்டிலே 69.8 வீதம் ஏறிற்று. ஒரு கோடி ரூபாவை மூலநிதியாக வைத்திருந்தவருக்குத் தொகை குறையவில்லை; அது வாங்கக்கூடிய பொருளோ 59 இலட்சத்துப் பொருளாகச் சுருங்கிவிட்டது. விளைந்ததையெல்லாம் தின்கிற கமக்காரன் அடுத்த போகத்துக்கு எதை விதைப்பான்? விளைச்சலில் ஒரு பகுதியை விதைநெல்லாக முதலோடு சேர்த்துக்கொண்டே வரவேண்டும். முழுவதையும் நிலையான வைப்பில் முடக்காமல், ஒரு பங்கை நிலமாகவோ வாடகைக் கட்டடமாகவோ வைப்பது நம்மவர்க்குப் புதிதுமன்று.

கொடுத்தவர் பேராசிரியரை ஆட்டிப்படைப்பாரே என்று நண்பரொருவர் அஞ்சினார். பொருளைக் குறிக்கும் உரிமை கொடுப்பவருக்குண்டு. ஆளைத் தெரிவதும், அவர் காணும் முடிவும் அவருடையவையல்ல. வயல் கொடுத்த போடியார், இன்ன சூறாவைத்தான் ஓத வேண்டுமென்று இமாமுக்குச் சொல்வதில்லை. இதை உறுதியிலே எழுதிவிட வேண்டும். வாய்ப்பேச்சாய் விட்டால் வழக்காகும்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்த மாணவன் என் வீட்டுக்கு வந்தான். கவிக் கொப்பியைப் பார்க்கலாமா என்று கேட்டான். ஒன்றைக் கொடுத்தேன். படம் பிடித்துக்கொண்டு அடுத்த வாரம் தருவதாகச் சொல்லி, உறையிலே பத்திரமாக வைத்து எடுத்துப் போனான். மற்றதையும் கேட்டான். முதலில் இதைக் கொண்டுவா, பார்ப்போம் என்றேன்.